மொங்கோலியாவுக்கு ஒரு வான், ஐந்து பங்கு

மொங்கோலியாவில் சாப்பாட்டுக்குப் பெரிய செலவில்லை, படுக்கைக்கும் இல்லை. வாகனம்தான் கையைக் கடிக்கும். நாடு இலங்கையைப் போல ஏறத்தாழ 24 மடங்கு. சனத்தொகையோ 35 இலட்சம் அளவுதான், அதிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தலைநகர் உலான்பாத்தரில். மிச்சமெல்லாம் புல்வெளி, மணல், மலை. பெரிய ஊர்களுக்கிடையே பஸ் ஓடுகிறது. ஆனால் நாம் காணத் துடிக்கும் கோபிப் பாலைவனத்து மணல்மேடுகளுக்குப் பஸ் போகாது. ரோட்டை விட்டிறங்கி மண்தடத்தில் ஓடக்கூடிய வாகனமும், வழிப்பலகை இல்லாத இடத்தில் மலையைப் பார்த்துத் திசை பிடிக்கும் சாரதியும் வேண்டும். ஒருவராகப் போனாலும் ஐவராகப் போனாலும் அந்த வாடகை ஒன்றுதான். மாதச் சம்பளத்தை ரூபாவில் வாங்குகிற எங்களுக்கு, பங்கு போட ஆள் கிடைத்தால்தான் அந்த நாடு எட்டும்.

வெள்ளவத்தையில் வான் பிடித்து நல்லூர்த் தேருக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்த முறை புதிதில்லை. அங்கே எல்லாரும் தெரிந்த சனம். கணக்கு முன்னேபின்னே ஆனாலும் மாமியோ மச்சானோ பொறுத்துக்கொள்வார்கள். மொங்கோலியாவில் உங்களோடு ஏறுகிறவர்கள் முந்தநாள் வரை முகம் தெரியாதவர்கள். ஆகவே வான் புறப்பட முன்னரே காசுக் கதை முழுவதையும் பேசி, கடதாசியில் எழுதிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவள். அதனால் எண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

வானும் சாரதியும் பெற்றோலும் சேர்த்து ஒரு நாளுக்கு 150 டொலர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரென்றால் ஆளுக்கு 75. மூன்றாமவர் சேர்ந்தால் 50. நான்கு பேருக்கு 37.50, ஐந்து பேருக்கு 30, ஆறு பேருக்கு 25. இந்த வரிசையை நன்றாகப் பாருங்கள். மூன்றாமவர் உங்களுக்கு நாளொன்றுக்கு 25 டொலர் மிச்சம் பிடித்துத் தருகிறார். ஆறாமவர் தருவது வெறும் 5 டொலர். அந்த 5 டொலருக்காக முழங்கால் மடக்க இடமில்லாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் குலுங்கிப் போவது வீண். ஆகவே நால்வர் அல்லது ஐவர். மூவரோடு புறப்படுவதும் கெட்ட யோசனையில்லை. நான்காவது ஆளைத் தேடி உலான்பாத்தரில் ஒரு கிழமை தங்கினால், மிச்சம் பிடிக்கும் காசு விடுதி வாடகையிலேயே போய்விடும்.

வான் என்று நான் சொல்வது பெரும்பாலும் ரஷ்யாவின் உலியானோவ்ஸ்க் தொழிற்சாலையில் 1965 முதல் செய்யப்பட்டுவரும் சாம்பல் நிற யூ.ஏ.இசட். வண்டியை. மொங்கோலியாவில் அதை ஃபுர்கோன் என்பார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும், நிலத்திலிருந்து நல்ல உயரம், பழுதானால் சாரதியே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே படுத்துச் சரிசெய்துவிடுவார். ஆனால் 100 கிலோமீற்றருக்கு 15 லீற்றருக்கு மேல் குடிக்கும். உள்ளே இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். பின்பக்கம் பார்த்து உட்காருகிறவருக்குத் தலைசுற்றும். யார் எங்கே உட்காருவது என்பதைத் தினமும் காலையில் முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்போலத் தெரியும். மூன்றாம் நாள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இதில்தான்.

கொழும்பில் முடிக்க வேண்டியவை

விசா கையில் கிடைக்கும் வரை விமான டிக்கெட்டுக்குக் காசு கட்டாதீர்கள். கொழும்பிலிருந்து நேர் விமானம் கிடையாது. சியோல், பெய்ஜிங், இஸ்தான்புல் வழியாகப் போகலாம். எந்த விமான நிலையத்தில் மாறுகிறீர்களோ அங்கே இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இடைவழி விசா தேவையா என்பதையும் அப்போதே பாருங்கள். ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரைதான் நமக்குத் தாங்கும் காலம். ஜூலை 11 முதல் 13 வரை நாதாம் திருவிழா. மல்யுத்தம், வில்வித்தை, குதிரையோட்டம் பார்க்க ஆசையிருந்தால் போகலாம், ஆனால் அந்த நாட்களில் படுக்கையும் வானும் விலையேறும். செலவு குறைய வேண்டுமென்றால் ஓகஸ்ட் கடைசி நல்லது. வெளிநாட்டார் இன்னும் இருப்பார்கள், பங்குக்கு ஆள் கிடைக்கும், நெருக்கடி மட்டும் தணிந்திருக்கும்.

அந்த நாட்டுக் காசு துக்ரிக். கொழும்பில் கிடைக்காது. கோட்டையில் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் டொலராகவே வாங்குங்கள். கிழியாத, மடிப்பில்லாத புதுத் தாளாகக் கேட்டு வாங்க வேண்டும். பயணக் காப்புறுதியில் உங்களைத் தொலைவிடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கும் செலவு அடங்கியிருக்கிறதா, குதிரை ஏறுவது அடங்கியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். காப்புறுதி, மருந்து, அவசரத்துக்கான டொலர் ஆகிய மூன்றும் பங்கு போடும் சாமான்கள் இல்லை. ஆளுக்கு ஆள் தனியாக வைத்திருக்க வேண்டும்.

மைசூர்ப் பருப்பு, கறித்தூள், கொஞ்சம் கறிவேப்பிலைத் தூள், இரண்டு பெரிய பைக்கற் சிலோன் தேயிலை. இவற்றை நான் பையின் அடியில் வைப்பேன். தேயிலை எனக்கல்ல. புல்வெளியில் கூடாரவீட்டுக்குள் அழைக்கும் குடும்பத்துக்கு அதைவிடச் சந்தோஷமான பரிசு நம் நாட்டிலிருந்து கிடையாது. அவர்கள் பாலும் உப்பும் சேர்த்து நாள் முழுக்கத் தேநீர் குடிக்கிற சனம்.

ஆள் தேடுவது

உலான்பாத்தரில் சுஹ்பாத்தர் சதுக்கத்தைச் சுற்றியுள்ள மலிவு விடுதிகளில் பங்குப் பயணத்துக்கு ஆள் சேர்ப்பது வழக்கம். வாசலிலோ தேநீர் குடிக்கும் கூடத்திலோ ஒரு பலகை இருக்கும். அதில் கடதாசி ஒட்டலாம். ஒட்டுகிற கடதாசியில் புறப்படும் தேதி, எத்தனை நாள், எந்த வழி, எத்தனை பேர் சேர்ந்தாயிற்று, இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்பன தெளிவாக இருக்கட்டும். “கோபிக்குப் போக ஆள் தேவை” என்று மட்டும் எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். “14ஆம் தேதி காலை, 9 நாள், கோபியும் ஓர்கோனும், மூவர் இருக்கிறோம், இருவர் வேண்டும், புகைபிடிக்காதவர்” என்று எழுதினால் அன்று பின்னேரமே கதவு தட்டப்படும். கொழும்பில் இருந்துகொண்டே இணையத்தில் ஆள் பிடிக்கலாம்தான். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒருவரோடு நேரில் அரைமணி நேரம் தேத்தண்ணி குடித்தால் தெரிவது, நூறு தகவல் பரிமாறினாலும் தெரியாது.

நான் கேட்கும் கேள்விகள் இவை. காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்? நல்ல கூடாரவிடுதியா, சாதாரணக் குடும்பத்தோடு தங்குவதா? படம் எடுக்க வானை எத்தனை தரம் நிறுத்தச் சொல்வீர்கள்? இரவில் குடிப்பீர்களா? இறைச்சி சாப்பிடாதவரோடு ஒரே சட்டியில் சமைப்பது சரியா? பெண்கள் தனியாகப் போகிறீர்களென்றால் குழுவில் இன்னொரு பெண்ணாவது இருக்கட்டும். கோபியில் ஒதுங்க ஒரு மரம்கூட இருக்காது. ஒருவர் சால்வை பிடிக்க, மற்றவர் ஒதுங்கலாம்.

சம்மதித்தவுடனேயே நீண்ட பயணத்துக்கு முற்பணம் கட்டவேண்டாம். முதலில் அவர்களோடு ஒரு நாள் பயணத்துக்குப் பங்கு போடுங்கள். நகரத்துக்குக் கிழக்கே 54 கிலோமீற்றரில் செங்கிஸ்கானின் 40 மீற்றர் உயரக் குதிரைச் சிலை இருக்கிறது. அதையும் தெரெல்ஜ் தேசியப் பூங்காவையும் காரொன்றில் ஒரே நாளில் பார்க்கலாம். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, தன் பங்கைக் கேளாமல் எடுத்துத் தருகிறாரா, சாரதியோடு எப்படிக் கதைக்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் வெளிச்சமாகிவிடும். ஒத்துவராவிட்டால் பின்னேரம் கைகுலுக்கிப் பிரியலாம், ஒருவருக்கும் நட்டமில்லை.

சாரதியோடு எழுதும் கடதாசி

வான் பேசும்போது விலையை மட்டும் பேசிவிட்டு எழும்பாதீர்கள். பெற்றோல் உள்ளடக்கமா, புறம்பா? சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு? தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம்? வான் பழுதாகி ஒரு நாள் போனால் அந்த நாளுக்கு வாடகை உண்டா? கடைசி இடத்தில் நாங்கள் இறங்கிக்கொண்டால் வெறும் வான் திரும்பிவரும் பெற்றோல் யாருடையது? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, விடுதிக்காரரைக் கொண்டு மொங்கோலிய மொழியிலும் எழுதுவித்து, சாரதியும் பயணிகள் எல்லாரும் ஒப்பமிட வேண்டும். முன்னால் பாதி, திரும்பி வந்தபின் பாதி என்பது இரு பக்கத்துக்கும் நியாயம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமாட்டேன். பங்கு போட்டுச் செலவு குறைப்பது நாங்கள் ஐவரும் எங்களுக்குள் செய்யும் வேலை. சாரதியின் கூலியை நசுக்கிக் குறைப்பது வேறு வேலை, அதைச் செய்யக்கூடாது. அவருக்குக் கோடை சில மாதம்தான், அதற்குள் வருடத்துக்கான காசைச் சேர்க்கிறார். நாளுக்கு ஐந்து டொலர் குறைத்துப் பேசினால் ஆளுக்கு ஒரு டொலர் மிச்சம். அவருக்கு அது பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து. இரவில் ஓட்டச் சொல்லாதீர்கள். மத்தியானம் வானை நிறுத்தி அரைமணி நேரம் கண்ணயர விடுங்கள். ஐந்து உயிர் அவர் கையில்.

பொதுப் பை

பங்குப் பயணத்தின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

“இதை நான் கட்டுகிறேன், அடுத்ததை நீ கட்டு” என்ற பழக்கம் இரண்டு நாளில் குழம்பிவிடும். ஒருவர் தண்ணீர்ப் போத்தல் வாங்கியிருப்பார், இன்னொருவர் பெற்றோல் நிரப்பியிருப்பார். அதற்குப் பதிலாகப் புறப்படும் காலையில் எல்லாரும் சமமான துக்ரிக்கை ஒரு சிப் வைத்த பையில் போடுங்கள். பூங்காக் கட்டணம், குடிதண்ணீர், பொதுச் சமையல் சாமான், வாடகையில் அடங்காவிட்டால் பெற்றோலும் சாரதியின் சாப்பாடும் எல்லாம் அதிலிருந்து. படுக்கை ஆள்வீதம் என்பதால் அவரவர் காசு. பியர், குதிரைச் சவாரி, ஒட்டகச் சவாரி, ஞாபகப் பொருள் எல்லாம் அவரவர் காசு. பை வற்றினால் மறுபடி சமமாகப் போடுவது. ஒருவர் பையை வைத்திருப்பார், வேறொருவர் கொப்பி எழுதுவார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது. எந்தக் கடையிலும் காசுப்பெட்டிக்கும் பேரேட்டுக்கும் தனித்தனி ஆள் வைப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்.

என் குழுவில் ஓர் ஒல்லாந்து ஆசிரியை பையை வைத்திருந்தார், கொப்பி என்னிடம். ஐந்து நிரல்: தேதி, இடம், எதற்கு, எவ்வளவு, இருவர் ஒப்பம். தெற்கே போகும் வழியிலுள்ள மந்தல்கோபி ஊரில் பெற்றோல் அடித்தபோது காற்று மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தது. துக்ரிக்கில் ஆகப் பெரிய தாளே 20,000தான், ஒரு டொலருக்கே 3,000க்கு மேல் வரும். ஆகவே ஒரு தாங்கி நிரப்பக் கட்டுக்கட்டாக எண்ண வேண்டியிருந்தது. ஆசிரியை வானின் படிக்கட்டில் குந்தியிருந்து, பத்துப் பத்தாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு கல்லை வைத்தார். சாரதி ஒரு தரம் எண்ணினார், நான் ஒரு தரம் எண்ணினேன். பம்ப் மெஷினில் விழுந்த லீற்றரைப் படமெடுத்து, கொப்பியில் எழுதி, இருவரும் ஒப்பம் போட்ட பிறகுதான் கல்லை எடுத்தோம். குழுவில் இருந்த கொரியத் தம்பதி அன்றிரவு கொப்பியை வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பயணம் முடியும் வரை ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை.

பொதுப் பையோடு இரண்டு விதியையும் எழுதிவிடுங்கள். ஒன்று, நடுவழியில் ஒருவர் விலகினால் வான் வாடகையில் அவருடைய பங்கு திரும்பாது, சாப்பாட்டுப் பங்கு மட்டும் திரும்பும். நோய் வந்து விலகுகிறவருக்கு என்ன செய்வது என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுங்கள். எங்கள் குழுவில் மற்றவர்கள் அந்தப் பங்கில் பாதியைத் தாங்குவது என்று எழுதினோம். இரண்டாவது, ஓரிடத்தில் இன்னொரு நாள் தங்க ஆசைப்பட்டால் மொத்த நாள் எண்ணிக்கை ஏறக்கூடாது, பின்னால் வரும் ஓரிடத்தைக் கைவிட வேண்டும், அதற்கு எல்லாரும் சம்மதிக்க வேண்டும்.

இந்த இரண்டாம் விதி ஹொங்கோரின் எல்ஸில் கைகொடுத்தது. சுமார் 300 மீற்றர் வரை உயரும் மணல்மேடுகள் அவை. காற்று வீசி மணல் சரியும்போது தொலைவில் விமானம் போவதுபோல ஓர் ஒலி எழும். குழுவில் இருந்த போலந்துத் தம்பி, மேலே ஏறி இறங்கியவுடன், இன்னொரு நாள் இங்கேயே நிற்போம் என்று பிடிவாதமாக நின்றார். வாக்குவாதம் கிளம்பும் நேரத்தில் ஆசிரியை கடதாசியை எடுத்து விரித்தார். எதை விடலாம் என்று மட்டும் பேசினோம். செங்கெர் வெந்நீர் ஊற்றை விட்டோம். அடுத்த நாள் விடியலில் ஐவரும் மேட்டின் முகட்டில் இருந்தோம்.

வழியும் வாயும்

முதல் தரம் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி: உலான்பாத்தரிலிருந்து தெற்கே மந்தல்கோபி, வெள்ளையும் சிவப்புமாக அடுக்கடுக்கான சகான் சுவர்கா பாறைச் சரிவு, பிறகு யோலின் ஆம். பாலைவனத்து மலையிடுக்கில் கோடை தொடங்கிய பிறகும் பனிக்கட்டி கிடக்கும் பள்ளத்தாக்கு அது. பிறகு மணல்மேடுகள், பிறகு பயன்சாக். 1923இல் அமெரிக்க ஆய்வுக் குழு டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்த செம்பாறை இடம். அங்கே மாலை வெயில் சாயும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி சாரதியிடம் சொல்லுங்கள். வடக்கே திரும்பினால் ஹர்ஹோரின். அங்கே 1585இல் எழுந்த எர்டென் சூ மடாலயம், பழைய கரகோரம் நகரத்தின் இடிபாட்டுக் கற்களைக் கொண்டே கட்டப்பட்டது. அதை அடுத்து ஓர்கோன் பள்ளத்தாக்கு, பிறகு நகரம்.

இன்னும் காசைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. உலான்பாத்தரிலிருந்து கோபியிலுள்ள தலன்சத்கத் நகரம் வரை சுமார் 550 கிலோமீற்றரும் தார் ரோடு, பஸ் ஓடுகிறது. அதில் போய் இறங்கி, அங்கிருந்து நான்கு நாளுக்கு மட்டும் வான் பிடிக்கலாம். ஆனால் பங்குக்கான ஆட்களைத் தலைநகரிலேயே சேர்த்துக்கொண்டு, ஒன்றாகப் பஸ் ஏற வேண்டும். தலன்சத்கத்தில் இறங்கி ஆள் தேடினால் நாட்கள் போய்விடும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆட்டிறைச்சிதான் அங்கே மூன்று வேளையும். பூஸ் என்றால் ஆவியில் அவித்த இறைச்சிக் கொழுக்கட்டை, ஹூஷூர் என்றால் பொரித்தது, சூய்வன் என்றால் இறைச்சி போட்ட நூடில்ஸ். சைவக்காரர்கள் நகரத்திலேயே அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கோவா வாங்கிக்கொண்டு, சிறு அடுப்பும் காஸ் கலனும் வாங்கிவிட வேண்டும். கலனை விமானத்தில் கொண்டுபோக முடியாது. வானின் காற்று மறைவில் அடுப்பை வைத்துப் பருப்பை அவிக்கலாம். என் பருப்புச் சோறு குழுவின் பொதுச் சமையலாகவே மாறிவிட்டது. ஹலால் கிடைக்குமா என்று முஸ்லிம் நண்பர்கள் கேட்பார்கள்: மேற்கே பயன்-உல்கீ மாகாணத்தில் கசாக் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள், அங்கே ஹலால் இறைச்சி பிரச்சினையில்லை. மற்ற இடங்களில் முட்டை, பால், அடுப்புச் சமையல் என்று போக வேண்டியதுதான். குடிதண்ணீரை ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வீதம் பொதுப் பையில் வாங்கிவிடுங்கள்.

கூடாரவீட்டுக்குள் நுழையும்போது வாசற்படியை மிதிக்காதீர்கள், நடுத்தூண்களுக்கிடையே ஊடறுத்துப் போகாதீர்கள், தருவதை வலக்கையால் வாங்குங்கள், அடுப்பு நெருப்பில் குப்பை போடாதீர்கள். குழுவில் உள்ள எல்லாருக்கும் இதைப் புறப்பட முதல் சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 103, பொலிஸ் 102. பேசுவதற்குச் சாரதியின் கையில் கொடுங்கள்.

கணக்கு முடிப்பது

கடைசி இரவை உலான்பாத்தரில் வைத்து, அன்றே கணக்கை முடியுங்கள். விடியற்காலையில் ஒருவர் ரயிலுக்கும் ஒருவர் விமானத்துக்கும் ஓடும்போது காசு பேச முடியாது. கொப்பியின் கூட்டுத்தொகையைச் சத்தமாக வாசியுங்கள், பையில் உள்ளதை மேசையில் கொட்டி எண்ணுங்கள். மீதத்தைப் பிரிக்க முன் சாரதிக்கான சன்மானத்தை எடுத்து வையுங்கள், அதை எல்லாரும் நிற்கும்போது இரு கையாலும் கொடுங்கள். மிஞ்சிய அரிசி, காஸ் கலன், சட்டியை விடுதியின் பலகைக்குக் கீழே வைத்துவிட்டால் அடுத்த குழுவுக்கு ஆகும். கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து ஐவருக்கும் அனுப்புங்கள்.

புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பலகையில் பார்த்து, அதே நேரத்துக்குப் போகிறவரோடு அந்த டக்ஸிக்கும் பங்கு போடுங்கள். டக்ஸிக் காசையும் ஒரு தேத்தண்ணிக் காசையும் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத் துக்ரிக்கை நகரத்து வங்கியிலேயே டொலராக மாற்றிவிடுங்கள். கொழும்பில் அதை வாங்க ஆளில்லை.